ஃப்ரிட்ஜ் மறைத்த கட்டம்

2005 டிசம்பர் 5, திங்கள்

மழை விட்டபாடில்லை. உப்பளம் எது, ஏரி எது என்று தெரியாமல் ஊரைச் சுற்றித் தண்ணீர். காலையில் என் மனைவி சைபுன்னிசா இட்லி வைத்துக்கொண்டே, "பக்கீர் மாமா ஒங்கள வரச் சொன்னாரு" என்றாள். எதற்கு என்று கேட்டேன். "போய்த்தான் பாருங்களேன்" என்றாள், முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டு. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

பக்கீர் முஹம்மது அவளுக்கு அம்மா வழியில் மாமா. மரக்காணத்தில் உப்பு கம்பெனி வைத்திருக்கிறார். அளத்தில் வாருகிற உப்பைக் கழுவி, அயோடின் கலந்து, 'கொக்கு மார்க்' என்று பாக்கெட் போட்டு விற்கிறார். போனதும் நாற்காலி போட்டார். எனக்கு யாரும் நாற்காலி போட்டு வெகுநாள் ஆகிறது.

"ஏம்பா ஜமீல், துபாய்ல சோப்பு கம்பெனியில நீ மார்க்கெட்டிங் மேனேஜரா இருந்தியாமே? சைபு சொல்லுச்சு. நம்மகிட்ட சொல்லவே இல்லியே."

நான் எட்டு வருஷம் செய்த வேலை இதுதான்: கம்பெனி வேனில் கடை கடையாகப் போய் அலமாரியில் சோப்பு அடுக்குவது. சோப்பின் முகம் வெளியே பார்க்க வேண்டும். பழையது முன்னால், புதியது பின்னால். தூசி துடைக்க வேண்டும். ஆனால் வேன் கதவில் 'மார்க்கெட்டிங்' என்று பெரிதாக எழுதியிருந்தது. அதனால் முழுப் பொய் என்றும் சொல்ல முடியாது.

"ஆமா மாமா" என்று சொல்லிவிட்டேன்.

வரும் மே மாதத்திலிருந்து அயோடின் கலக்காத உப்பைச் சாப்பாட்டுக்கு விற்கக் கூடாது என்று பேப்பரில் வந்திருக்கிறது. இனி பெரிய கம்பெனிகள் மூலை முடுக்கெல்லாம் நுழைந்துவிடும் என்று பயப்படுகிறார். "அவன்கிட்ட இருக்குற மாதிரி நம்மகிட்டயும் ஒரு மார்க்கெட்டிங் டிபார்ட்மென்ட் வேணும்பா. மே மாசத்துக்குள்ள நிக்க வச்சிட்டீன்னா நீ இங்கியே இருந்துடலாம். பெர்மனெண்ட்."

என் விசாவும் மே மாதம்தான். ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் செத்துவிடும். மே 13-க்குள் துபாயில் இறங்க வேண்டும், இல்லையென்றால் இங்கே ஒரு வேலை வேண்டும். எனக்குத் திரும்பிப் போக விருப்பமில்லை. இதை இன்றுதான் முதல் முறையாக எழுதுகிறேன். நாலு வருஷம் கழித்துப் போன மாதம்தான் வந்திருக்கிறேன். என் மகள், ஏழு வயது ஹஸ்னா, என்னை 'துபாய் அத்தா' என்று கூப்பிடுகிறாள். "அப்ப உள்ளூர் அத்தா யாரு?" என்று பக்கத்து வீட்டுக்காரி சிரிக்கிறாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

டிசம்பர் 6

மார்க்கெட்டிங் மேனேஜர் ஜமீல். நாலு தடவை எழுதிப் பார்த்தேன். கையெழுத்து கூட நன்றாக வருகிறது.

டிசம்பர் 9, வெள்ளி

ஜும்ஆ முடிந்து வந்து, ஒரு பழைய காலண்டர் அட்டையின் பின்பக்கம் சார்ட் போட உட்கார்ந்தேன். துபாய் ஆபீஸில் டீ போடுகிற அறையில் அது மாட்டியிருந்தது. கம்பெனியில் யாருக்குக் கீழே யார் என்று கட்டம் கட்டமாக. எட்டு வருஷம், தினமும் வேன் வரும்வரை டீயைக் கையில் வைத்துக்கொண்டு அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வேறு பார்க்க என்ன இருந்தது?

உச்சியில் பெரிய முதலாளி. இடது பக்கம் மார்க்கெட்டிங் டைரக்டர். அவருக்குக் கீழே பிராண்ட் மேனேஜர்கள். சோப்புக்கு ஒரு மேனேஜர் என்றால் பரவாயில்லை. ஒவ்வொரு சோப்புக்கும் ஒரு மேனேஜர். பச்சை சோப்புக்கு ஒருத்தர், சிவப்பு சோப்புக்கு ஒருத்தர். இரண்டும் ஒரே கம்பெனி சோப்புதான். ஆனால் சிவப்பு நன்றாக விற்றால் அன்று பச்சைக்காரருக்கு டீ இறங்காது. அப்புறம் ஜனங்களுக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டுக்கொண்டே இருக்க ஒரு ஆள். பாக்கெட்டுக்கு ஒரு ஆள். விளம்பரத்துக்கு ஒரு ஆள். வலது பக்கம் சேல்ஸ். அது தனி ராஜ்ஜியம்: டைரக்டர், ரீஜனல் மேனேஜர், ஏரியா மேனேஜர் என்று கீழே இறங்கும். யோசிக்கிறவர்கள் இடது பக்கம், விற்கிறவர்கள் வலது பக்கம். இரண்டு கோடும் உச்சியில் பெரிய முதலாளி கட்டத்தில்தான் சந்திக்கும்.

மொத்தம் பதினேழு கட்டம் ஞாபகத்திலிருந்து போட்டுவிட்டேன். கீழே நடுவில் மட்டும் காலி. அந்த இடத்தை ஒரு குட்டி ஃப்ரிட்ஜ் மறைத்துக்கொண்டிருந்தது. அதில் என்ன கட்டம் இருந்ததோ, அல்லாஹ்வுக்குத்தான் வெளிச்சம். எட்டு வருஷத்தில் ஒருநாள் கூட அதை நகர்த்திப் பார்க்கவில்லை. ஃப்ரிட்ஜிலிருந்து பால் மட்டும் எடுத்திருக்கிறேன்.

டிசம்பர் 12

உப்புக் கொட்டகையில் கூட்டம். சார்ட்டைச் சுவரில் மாட்டினேன். கட்டம் பதினேழு. கூலிப் பெண்களை விட்டால் கம்பெனியில் ஆள் நாலு: முதலாளி, நான், பாக்கெட் போடும் பெண்களுக்கு மேஸ்திரி மலர்கொடி, அவள் புருஷன் கலியமூர்த்தி. கலியமூர்த்திதான் டிவிஎஸ் ஃபிஃப்டியில் உப்பு ஏற்றிக்கொண்டு கடற்கரை ரோட்டில் கடை கடையாகப் போடுகிறவன்.

உச்சிக் கட்டம், இரண்டு டைரக்டர் கட்டம், மூன்றும் முதலாளிக்கு. கல்லுப்பு பிராண்ட் மேனேஜர், தூள் உப்பு பிராண்ட் மேனேஜர், பாக்கெட், ஜனங்களின் விருப்பம் – இந்த நாலும் மலர்கொடிக்கு. வலது பக்கத்து ஆறு கட்டமும் கலியமூர்த்திக்கு. மிச்சம் நாலு எனக்கு.

மலர்கொடி நன்றாக யோசித்து ஒரு கேள்வி கேட்டாள். "ரெண்டு உப்புக்கும் நானே மேனேஜர்னா, நான் யார்கூட சண்ட போடுறது பாய்?"

கலியமூர்த்திக்கும் சந்தேகம். "ஏரியா மேனேஜர் லீவு கேட்டா ரீஜனல் மேனேஜர் குடுப்பாரா பாய்? ரெண்டும் நான்தானே."

"கேட்டுப் பாரு" என்றேன்.

முதலாளி மட்டும் சார்ட்டின் கிட்டே போய்க் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "கீழ ஏன்பா காலியா இருக்குது?"

"அது கான்ஃபிடென்ஷியல் மாமா."

"அப்டியா" என்று குரலைத் தாழ்த்திக்கொண்டார். பெரிய கம்பெனி என்றால் அப்படித்தான் இருக்கும் என்று தலையாட்டினார்.

டிசம்பர் 20

முதல் மார்க்கெட்டிங் மீட்டிங். பழைய பாக்கெட்டில் கொக்கு ஒற்றைக் காலில் நிற்கிறது. புது பாக்கெட்டில் எத்தனை கால்? மூன்று மணி நேரம்.

முதலாளி: "ஒத்தக் கால்ல நிக்குற கம்பெனின்னு நாளைக்கு எவனாச்சும் சொல்லுவான். ரெண்டு காலும் தெரியணும்." மலர்கொடி: "ரெண்டு காலும் ஊனி நின்னா அது கொக்கு இல்ல முதலாளி, வாத்து."

நான் மினிட்ஸ் எழுதினேன். படித்துப் பார்க்க எனக்கே பயமாக இருக்கிறது: 'பிராண்ட் மேனேஜர் (தூள்) இரண்டு காலுக்கு ஒப்புக்கொண்டார். பிராண்ட் மேனேஜர் (கல்) ஒப்புக்கொள்ளவில்லை. இருவரும் மலர்கொடி.'

கடைசியில் இரண்டு கால் ஜெயித்தது. ஆனால் கொக்கு சும்மா நிற்கிறதே, ஏதாவது வேலை கொடுக்க வேண்டும் என்றார் முதலாளி. வாயில் ஒரு மீன் வைப்பது என்று முடிவானது. எல்லோருக்கும் திருப்தி. டீ வந்தது.

கலியமூர்த்தி வாசலில் வண்டிக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தான். கேட்டுவிட்டுத் தலையை உள்ளே நீட்டி, "பாய், மீனு வச்சா கடையில..." என்று ஆரம்பித்தான். நான் சார்ட்டைக் காட்டினேன். "நீ சேல்ஸ். பாக்கெட்ட பத்திப் பேசுறது மார்க்கெட்டிங். ரெண்டுக்கும் நடுவுல கோடு இல்ல, பாரு." பார்த்தான். பம்பை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

மேனேஜர் மாதிரி பேசினேன் என்று முதலாளி முதுகில் தட்டினார்.

2006 ஜனவரி 2

துபாயில் இருந்தால் இன்று புது டைரி கிடைத்திருக்கும், பச்சை சோப்பு வாசனையோடு. இது நம்மூர் அரிசி மண்டி டைரி. பக்கத்துக்குப் பக்கம் ராகு காலம், எமகண்டம். நல்ல நேரத்தில்தான் எழுத ஆரம்பித்தேன், பார்த்துக்கொண்டேன். யாரிடமும் சொல்ல வேண்டாம்.

ஜனவரி 13

பக்ரீத் முடிந்து இரண்டு நாள். நாளைக்குப் பொங்கல். ஊரே கறியும் கரும்புமாக இருக்க, நம் டிபார்ட்மென்ட்டில் மட்டும் பகை.

காலையில் மலர்கொடி முதலாளியிடம் வந்து சொன்னதை இந்தக் காதால் கேட்டேன். "முதலாளி, சேல்ஸ் மேனேஜர்கிட்ட, வரும்போது புளி வாங்கியாரச் சொல்லுங்க."

விஷயம் இதுதான். அன்றைக்கு நான் 'கோடு இல்லை' என்றது கலியமூர்த்திக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. வீட்டுக்குப் போய் மலர்கொடியிடம் பேச்சை நிறுத்திவிட்டான். அவள் என்ன கேட்டாலும், "நமக்கு நடுவுல கோடு இல்ல, முதலாளி வழியா கேளு" என்கிறானாம். அவளுக்கும் ரோஷம். அதனால் புளி, பாப்பாவுக்கு ஜுர மருந்து, கேஸ் சிலிண்டர் எல்லாமே சார்ட்டின் உச்சிக்கு ஏறி, மறுபக்கம் இறங்குகிறது.

முதலாளிக்கு ஒரே பெருமை. துண்டுச் சீட்டில் 'புளி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கலியமூர்த்தியிடம் கொடுத்துவிட்டு என்னிடம் சொல்கிறார்: "டிசிப்ளின் வந்துடுச்சு பாத்தியா."

ஜனவரி 30

புதுச்சேரி பிரஸ்ஸிலிருந்து இருபதாயிரம் கவர் வந்து இறங்கியது. கொக்கை விட மீன் பெரிதாக இருக்கிறது. அதற்கு இமை வேறு வரைந்திருக்கிறார்கள். நம்மைப் பார்த்துச் சிரிக்கிறது. கொக்கின் கால் கவரின் மடிப்புக்குள் போய்விட்டது. ஒன்றா இரண்டா என்றே தெரியவில்லை. மூன்று மணி நேர மீட்டிங்.

பிப்ரவரி 21

வெயில் ஏறிவிட்டது. அளத்தில் தண்ணீர் வற்றி வெள்ளை தெரிகிறது. புது பாக்கெட் எக்கியார்குப்பத்திலிருந்து குயிலாப்பாளையம் வரை எல்லாக் கடைக்கும் போய்விட்டது. மாஷா அல்லாஹ்.

விளம்பரத்துக்குச் சுவர் தேடினேன். தேர்தல் வருகிறது என்று இப்போதே எல்லாச் சுவரிலும் கட்சிக்காரர்கள் வெள்ளையடித்துப் பெயர் போட்டுவிட்டார்கள். என் வீட்டுச் சுவரையே இரண்டு கட்சிகள் பிடித்திருக்கின்றன.

மார்ச் 15

புது பாக்கெட் திரும்பி வருகிறது.

மார்ச் 16

நேற்று அதற்கு மேல் எழுத முடியவில்லை. கலியமூர்த்தி மூன்று நடையாகப் பாக்கெட்டைக் கொண்டுவந்து கொட்டகையில் இறக்கினான். என்னடா என்று கேட்டேன். முகத்தைத் திருப்பாமலே சொன்னான்.

"மீன் படத்தப் பாத்துட்டு கடக்காரனுங்க கருவாட்டுக் கூடைக்குப் பக்கத்துல வச்சிட்டானுங்க. சைவக்காரங்க கிட்டவே வர்றதில்ல. படத்துலேந்து கவுச்சி அடிக்குதுன்னு ஒரு அம்மா சொல்லுது பாய். குயிலாப்பாளையம் மரியதாஸ் கடையில ஒரு வெள்ளக்காரம்மா, இந்த உப்பு சைவமான்னு தமிழ்லயே கேட்டுச்சாம்."

"இது தெரிஞ்சா மின்னயே சொல்றதில்லையாடா?"

"சொல்ல வந்தேன். கோடு இல்லன்னு நீங்கதான சொன்னீங்க."

சொல்ல வந்தவன நான்தான தொரத்துனேன்? மேனேஜராம் மேனேஜரு! சோப்பு அடுக்குனவனுக்கு எதுக்கு இந்த வேல? கொக்கு தலையில வெண்ணெய வச்சுப் புடிக்கப் போன கதையா ஆயிடுச்சு. பதினேழு கட்டம் போட்டேன், உப்புப் பாக்கெட்டப் பாத்து ஒரு கடக்காரன் என்னா நெனப்பான்னு கேக்க ஒரு ஆளு இல்ல. இருந்த ஒரே ஆளும் வாசல்ல பம்போட நின்னான்.

இன்னும் ரெண்டு மாசம்கூட இல்ல. டிக்கெட் போடணுமா? சைபுன்னிசாகிட்ட கேட்டேன். "ஒங்க இஷ்டம்"னு சொல்லிட்டு அரிசி களையப் போயிட்டா. ஒரே அரிசிய நாலு தடவ களஞ்சா.

மார்ச் 27

முதலாளிக்குத் தெரியாமல் இன்று கலியமூர்த்தியின் வண்டியில் பின்னால் ஏறிக்கொண்டேன். தோளில் ஒரு பழைய துண்டு. வழியெல்லாம் அவன், மேனேஜரைப் பின்னால் வைத்துக்கொண்டு போவதற்கு எந்தக் கட்டத்தில் அனுமதி வாங்குவது என்று யோசித்திருப்பான்.

குயிலாப்பாளையத்தில் மரியதாஸ் கடை. நம் பாக்கெட் கருவாட்டுக்கும் கொசுவர்த்திக்கும் நடுவில் படுத்துக்கிடந்தது. மரியதாஸிடம், "அண்ணே, அஞ்சு நிமிஷம் குடுங்க" என்று கேட்டுக்கொண்டு ஆரம்பித்தேன். எல்லாவற்றையும் எடுத்துத் துடைத்தேன். துவரம்பருப்புக்குப் பக்கத்தில், கண்ணுக்கு நேரான தட்டில் இடம் பிடித்தேன். கவரின் பின்பக்கம் வெறும் எழுத்துதான், மீன் இல்லை. அதை வெளியே பார்க்கத் திருப்பினேன். எட்டு வருஷத்தில் முதல் முறையாக ஒரு பாக்கெட்டின் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பி வைத்திருக்கிறேன். கை கூசியது. துபாய் சூப்பர்வைசர் பார்த்திருந்தால் வேனிலிருந்து இறக்கிவிட்டிருப்பார்.

நாங்கள் டீ குடிப்பதற்குள் இரண்டு பாக்கெட் போயிற்று. மரியதாஸ் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்டியே அந்த பிஸ்கட்டயும் கொஞ்சம் அடுக்கிக் குடுத்துட்டுப் போங்க பாய்" என்றார். அடுக்கிக் கொடுத்தேன். ரொம்ப நாளைக்கப்புறம் சந்தோஷமாக இருந்தது. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

ஏப்ரல் 4

தினமும் போகிறேன். ஒரு நாளைக்கு ஏழு கடை.

இன்று எக்கியார்குப்பம். அங்கே மட்டும் மீன் கவர் ஒன்று கூடத் திரும்பி வரவில்லை என்பதைக் கலியமூர்த்தி இன்றுதான் சொல்கிறான். ஏனென்று அவன் யாரிடமும் கேட்கவில்லை. கேட்பது மலர்கொடியின் கட்டமாம். கடற்கரையில் கருவாடு காயப்போட்டிருந்த குப்பம்மாளிடம் போய் நானே கேட்டேன்.

"மூட்டையா வாங்கிப் பிரிச்சா மிச்ச உப்பு ஈரத்துல கசிஞ்சு போவுது" என்றாள். "இது பாக்கெட்டா வேணுங்கிறத மட்டும் பிரிச்சுக்கலாம். ஆனா உள்ள ஏன் தூளப் போட்டு வச்சிருக்கீங்க? மேல மீனு, உள்ள தூளு! கருவாட்டுக்குக் கல்லுப்புதான் குடுக்கணும், தெரியாது?"

கொட்டகையில் பழைய கல்லுப்பு மலையாகக் கிடக்கிறது, அயோடின் கலக்காதது. சாப்பாட்டுக்குத்தான் விற்கக் கூடாது. பதப்படுத்துவதற்கு விற்கலாம் என்று அதே பேப்பரில்தான் போட்டிருந்தது. மிச்ச மீன் கவர்களும் சிரித்துக்கொண்டு சும்மா கிடக்கின்றன.

சாயந்திரம் மலர்கொடியிடம் போய்ச் சொன்னேன். "எவ்ளோ கல்லு போட்டா கவர் கிழியாதுன்னு அந்தாளக் கேட்டுச் சொல்லுங்க பாய்" என்றாள். அந்த ஆள் பத்தடி தள்ளி வண்டி துடைத்துக்கொண்டிருந்தான். போய்க் கேட்டேன். "ரெண்டு கிலோவுக்கு மேல போட்டா வண்டிக் கம்பி குத்தும்னு சொல்லுங்க." வந்து சொன்னேன். "கம்பிக்கு சாக்கு சுத்தச் சொல்லுங்க." போய்ச் சொன்னேன். ஆறாவது தடவை போகும்போது கலியமூர்த்தி சிரித்துவிட்டான். இங்கே மலர்கொடியும் சிரித்துவிட்டாள். என் குதிகால்தான் வலிக்கிறது.

ஏப்ரல் 12

மாட்டிக்கொண்டேன்.

கீழ்புத்துப்பட்டில் ஒரு மளிகைக் கடை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஸ்டூல் மேல் ஏறி, துண்டால் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு கையாலும் பாக்கெட்டை எடுத்து, கட்டை விரலால் திருப்பி, டக் டக் என்று நிறுத்திக்கொண்டே போவேன். பார்க்காமலே செய்வேன். பின்னால் யாரோ இருமினார்கள். திரும்பினால் முதலாளி. கல்யாணத்துக்குப் போகிற வழியில் சோடா குடிக்க இறங்கியிருக்கிறார். சோடா கையில் அப்படியே இருந்தது.

"ஏம்பா. இது ஒரு நாள்ல வர்ற கை இல்ல. நெசத்த சொல்லு, துபாய்ல நீ என்னா வேல பாத்த?"

ஸ்டூலை விட்டு இறங்கவில்லை. மேலே நின்றபடியே சொல்லிவிட்டேன். "அடுக்குனேன் மாமா. எட்டு வருஷமா சோப்பு அடுக்குனேன்."

"மேனேஜரு?"

"இல்ல."

சோடாவைக் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஏப்ரல் 13

வீட்டில் சொன்னேன். சைபுன்னிசா நிமிரவே இல்லை. "நீங்க அடுக்குற வேலதான்னு எனக்குத் தெரியாதா? போன தடவ வந்த அன்னிக்கே என் மொளகாத்தூள் டப்பா, சீரக டப்பா எல்லாத்தயும் மூஞ்சி வெளிய தெரிய திருப்பி வச்சீங்க. எந்த மேனேஜரு அத செய்வான்?"

"அப்ப ஏன்டி மாமாகிட்ட மேனேஜர்னு சொன்ன?"

"சும்மா கூப்ட்டா நீங்க போவ மாட்டீங்க. அவரும் கூப்ட மாட்டாரு" என்றாள். அப்புறம்தான் அழுதாள். "இன்னொரு தடவ ஒங்கள ஏர்போர்ட்ல விட்டுட்டு வர என்னால ஆவாது." கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நான் துபாய் போவதைப் பற்றி 'ஒங்க இஷ்டம்' தவிர அவள் சொன்ன முதல் சொல் இது.

ஏப்ரல் 24

முதலாளி கூப்பிடவில்லை. நானும் போகவில்லை. மே 11-க்கு டிக்கெட் சொல்லி வைத்தேன். பணம் கட்ட இன்னும் பத்து நாள் இருக்கிறது. பெட்டி பரணிலிருந்து இறங்கிவிட்டது. ஹஸ்னா அதற்குள் பொம்மையைப் படுக்க வைத்து விளையாடுகிறாள்.

மே 1

நியாஸ் போன் செய்தான். துபாயில் என்னோடு ஒரே அறையில் இருந்தவன், சிவப்பு சோப்பு அடுக்குகிறவன். நான் வருகிறேனா இல்லையா என்று சூப்பர்வைசர் கேட்கச் சொன்னாராம். பேச்சோடு பேச்சாகச் சொன்னான், டீ அறையில் குட்டி ஃப்ரிட்ஜ் ரிப்பேராகித் தூக்கிவிட்டார்கள் என்று.

"டேய், சார்ட்டுல கீழ நடுவுல என்னடா இருக்குது? போய்ப் பாருடா!"

"என்னாத்துக்குடா?"

"பாருடா, காரணம் அப்புறம் சொல்றேன்."

சாயந்திரம் மறுபடி கூப்பிட்டான். அங்கே ஒரே ஒரு சின்னக் கட்டமாம். சேல்ஸ் பக்கத்திலிருந்து ஒரு கோடு அதற்குள் இறங்குகிறதாம். மார்க்கெட்டிங் பக்கத்திலிருந்து ஒரு புள்ளிக் கோடும் வந்து அதே கட்டத்தில் முடிகிறதாம். மொத்த சார்ட்டிலும், உச்சியை விட்டால், இரண்டு பக்கமும் சேருகிற இடம் அது ஒன்றுதான்.

"கட்டத்துல என்னா எழுதியிருக்குதுடா?"

நியாஸ் எழுத்துக் கூட்டிப் படித்தான். "மெர்ச்சன்டைசர். டேய், அது நாமடா!"

எட்டு வருஷம். என் கட்டத்துக்கு முன்னால் நின்றுகொண்டு, அதை மறைத்த ஃப்ரிட்ஜிலிருந்து பால் எடுத்துக் குடித்திருக்கிறேன்.

மே 2

காலையில் நேராகக் கொட்டகைக்குப் போனேன். முதலாளி இருந்தார். பேனாவை எடுத்து, சார்ட்டில் கீழே காலியாக இருந்த இடத்தில் ஒரு கட்டம் போட்டேன். கலியமூர்த்தி பக்கத்திலிருந்து ஒரு கோடு. மலர்கொடி பக்கத்திலிருந்து ஒரு புள்ளிக் கோடு. உள்ளே 'அடுக்குறவன்' என்று எழுதினேன்.

"இதுதான் மாமா அந்த கான்ஃபிடென்ஷியல். எனக்கே நேத்துதான் தெரியும். இதுக்கு ஆள் வேணும்னா நான் இருக்கேன். மேனேஜரா இல்ல. வேணாம்னா டிக்கெட்டுக்குப் பணம் கட்டிடுறேன்."

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். பிறகு இவ்வளவு நாள் என்ன செய்தார் என்று சொன்னார். நான் போய் வந்த கடை ஒவ்வொன்றுக்கும் தானே போய்ப் பார்த்தாராம். துபாய் மேனேஜர் எப்படி என்று விசாரித்தாராம். மேனேஜர் யாரையும் எங்களுக்குத் தெரியாது, பாக்கெட்டைத் துடைத்து அடுக்குகிற பாய் எப்போது வருவார் என்றுதான் எல்லோரும் கேட்டார்களாம். எக்கியார்குப்பத்தில் குப்பம்மாள் அவரிடமே சண்டைக்கு வந்துவிட்டாளாம், கல்லுப்பு இன்னும் ஏன் வரவில்லை என்று.

"சார்ட்ட வச்சு ஒரு பாக்கெட் விக்கலப்பா" என்றார். "இவங்க ரெண்டு பேருக்கும் புளிச் சீட்டு எழுதியே எனக்குக் கை போச்சு."

மலர்கொடியிடம் கத்தரிக்கோல் வாங்கி, என் கட்டத்தை மட்டும் வெட்டி எடுத்தார். அதைச் சுவரில் ஒட்டினார். மிச்சம் பதினேழு கட்டத்தையும் மடித்து, ஆடிக்கொண்டிருந்த மேஜைக் காலுக்கு அடியில் கொடுத்தார். மேஜை இப்போது ஆடுவதில்லை.

மே 9

சாப்பாட்டு உப்புக்குப் பழைய கவர், பழைய ஒற்றைக் கால் கொக்கு. கருவாட்டு உப்புக்கு மீன் கவர், கல்லுப்பு இரண்டு கிலோ. மீட்டிங் நாலு நிமிஷம். மலர்கொடி புளியைப் பற்றிக் கலியமூர்த்தியிடம் நேராகவே சொன்னாள். அவன் நேராகவே மறந்துவிட்டு வந்தான்.

மே 13, சனி

இன்றோடு விசா முடிந்தது. பெட்டியில் பொம்மை இன்னும் தூங்குகிறது. மதியச் சாப்பாட்டுத் தூக்கை நீட்டிக்கொண்டு வாசல் வரை ஓடி வந்து, "அத்தா, தூக்கு!" என்று கத்தினாள் ஹஸ்னா. வெறும் அத்தா. பக்கத்து வீட்டுக்காரி காதிலும் விழுந்திருக்கும்.

பத்து மணிக்குக் கீழ்புத்துப்பட்டுக் கடையில் ஸ்டூல் மேல் இருந்தேன். பழையது முன்னால், புதியது பின்னால். கொக்கு எல்லாம் ஒற்றைக் காலில் ரோட்டைப் பார்த்து நிற்கின்றன.